மாருதிக்கு மூட்டுவலி

கார்னு சொன்னதும் சென்னையில இருக்கிற உங்களுக்கு ஆபீஸ், ஸ்கூல், ஞாயித்துக்கிழமை மால் இதெல்லாம்தான் ஞாபகம் வரும். எங்க வீட்டு மாருதி 800-க்கு வேற வேலை. விடியக்காலம் பின் சீட்டைக் கழத்தி வச்சிட்டு ஏத்தங்குலை ஏழெட்டு ஏத்தி திங்கள்சந்தைக்குப் போகும். திரும்பி வரும்போது ஒரு மூட்டை புண்ணாக்கும் உர மூட்டையும் வரும். ராத்திரி பக்கத்து வீட்டுல யாருக்காவது நெஞ்சு வலின்னா அதே வண்டிதான். இந்த எட்டு வருஷத்துல ரெண்டு பிரசவத்துக்குப் போயிருக்கு, ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளையையும் கொண்டு போயிருக்கு.

போன வருஷத்துல இருந்து இன்னொரு வேலையும் சேர்ந்தது. வாரம் ரெண்டு நாள் அம்மையை ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு டயாலிசிஸ்க்குக் கொண்டு போகணும். குளச்சல்ல இருந்து மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி, அம்மாண்டிவிளை, வெள்ளிச்சந்தை வழியா போனா இருபது கிலோமீட்டருக்கு மேல. போகும்போது அம்மை நல்லா பேசிட்டு வருவா. திரும்பும்போது பின் சீட்டுல துணி மாதிரி கிடப்பா. ஒரு குழியில சக்கரம் இறங்கினா எனக்கு நெஞ்சுக்குள்ள இடிக்கும்.

அந்த வண்டிக்கு வந்த ஒரு நோயைப் பத்திதான் இன்னைக்கு எழுதுறேன். விவசாயி எதுக்கு மெக்கானிக் வேலை எழுதுறான்னு நினைக்காதீங்க. வாழைக்கு வாடல் நோய் வந்தா இலையைப் பார்த்து, தண்டைக் கீறிப் பார்த்து, கிழங்கைத் தோண்டிப் பார்த்துத்தான் மருந்து ஊத்துறோம். வண்டிக்கும் அதே முறைதான்னு கண்ணால கண்டேன். உங்க கிட்டயும் கார் இருக்கும். உங்களுக்கு உபயோகப்படும்.

முதல்ல வந்தது ஒரு சத்தம். இடது பக்கம் முன்னாடி, மெதுவா போகும்போது மட்டும், "டொக் டொக்"னு. வேகமா போனா கேக்காது. வேகத்தடை ஏறி இறங்கும்போது ஒரு தடவை, எங்க விளைக்குத் திரும்புற மண்பாதையில வளைக்கும்போது ரெண்டு மூணு தடவை. அம்மைதான் முதல்ல சொன்னா.

"மக்கா, எனக்க கால் முட்டு மாதிரியே இதுவும் சத்தம் போடுகு. இதுக்கும் வாதம் பிடிச்சாச்சா?"

நாங்க சிரிச்சோம். ஆனா அவ சொன்னது அச்சு அசல் சரின்னு பிறகுதான் தெரிஞ்சது.

அந்த வாரமே ஒரு ஒர்க் ஷாப்புல காட்டினேன். அங்க இருந்த பையன் வண்டியை ஒரு சுத்து ஓட்டிப் பார்த்துட்டு, "ரெண்டு ஷாக் அப்சார்பரும் போச்சு அண்ணே, மாத்தணும்"னு சொல்லி ஒரு சீட்டுல எழுதித் தந்தான். கூலியோட சேர்த்து ஆறாயிரத்துக்கு மேல. வண்டியைத் தூக்கிப் பார்க்கல, அடியில குனிஞ்சும் பார்க்கல. அந்த வாரம் ஏத்தங்குலை விலை தரையில கிடந்தது. பணம் இருந்திருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். மண்ணைத் தொட்டுப் பார்க்காம உரம் சொல்லுறவன் கிட்ட நான் உரம் வாங்குறதில்லை. சீட்டை மடிச்சு சட்டைப்பையில வச்சுக்கிட்டு வந்துட்டேன்.

இரணியல் பக்கம் ஒரு ஆசான் இருக்காரு. எங்க பக்கம் எந்தக் கைத்தொழிலா இருந்தாலும் வயசான தொழில்காரரை ஆசான்னுதான் கூப்பிடுறது. அறுபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும். அம்பாசிடர் டாக்ஸி காலத்துல இருந்து ஸ்பேனர் பிடிச்சவர். ஓலைக் கொட்டகைக்குப் பதிலா இப்ப தகரக் கூரை போட்டிருக்காரு, மத்தபடி அதே பழைய இடம். மறுநாள் காலையில அங்க போனேன்.

வண்டியைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அவரு என்னைத்தான் கேள்வி கேட்டாரு. சத்தம் பிரேக் பிடிக்கும்போதா, திருப்பும்போதா? குளிர்ந்த வண்டியிலயா, ஓடின பிறகா? ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கா? டயர் எந்தப் பக்கம் தேயுது? கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்லும் முன்னாடியே ஸ்டியரிங்கை வலது பக்கமா முழுசா ஒடிச்சு, இடது முன் டயரோட உள் விளிம்பைக் கையால தடவிக் காட்டினாரு. வெளி விளிம்புல கட்டை நல்லா இருந்தது. உள் விளிம்பு வழுவழுன்னு இருந்தது.

"ரோட்டைப் பார்த்து டயர் நேரா நிக்கல. எங்கேயோ ஆடுது. எங்கன்னு பார்ப்போம் ஓய்"னாரு.

அவரு பார்த்த முறையை வரிசையா சொல்லுறேன். இதுல ஒண்ணுக்கும் பெரிய மிஷின் வேண்டாம்.

முதல்ல ஷாக் அப்சார்பர். முன் மட்கார்டு மேல ரெண்டு கையையும் வச்சு முழு பாரத்தையும் போட்டு அமுக்கி விட்டாரு. வண்டி ஒரு தடவை எழும்பி அப்படியே அடங்கிச்சு. ஷாக் போயிருந்தா தொட்டில் மாதிரி ஆடிக்கிட்டே இருக்கும். அடியில டார்ச் அடிச்சுப் பார்த்தாரு, எண்ணெய்க் கசிவு கிடையாது. "இது இன்னும் ஓடும். இதை மாத்தச் சொன்னவன் யாரு?"ன்னு கேட்டாரு. நான் பதில் சொல்லல.

ரெண்டாவது, டை ராடு எண்டு. ஸ்டியரிங் திருப்புறதைச் சக்கரத்துக்குக் கொண்டு போற கம்பியோட நுனி அது. என்னை உள்ள உட்கார வச்சு ஸ்டியரிங்கை இடமும் வலமும் சின்னதா ஆட்டச் சொல்லிட்டு, கீழே அந்த மூட்டு மேல விரலை வச்சுக்கிட்டு இருந்தாரு. நாடி பிடிக்கிற மாதிரி. அது கெட்டியா இருந்தது.

மூணாவதுதான் முக்கியம். ஜாக்கி வச்சு இடது பக்கத்தைத் தூக்கினாரு. தூக்கினதும் ஸ்டெப்னி டயரைக் கழத்தி வண்டிக்கு அடியில சாய்ச்சுத் தள்ளி வச்சாரு. பக்கத்துல ஒரு பலாக் கட்டையும். "ஜாக்கியை நம்பி அடியில தலை வைக்கக் கூடாது. ஜாக்கி வழுகினா வண்டி டயர் மேல உட்காரட்டும், நம்ம மேல உட்கார வேண்டாம்"னாரு. இதை நீங்களும் எழுதி வச்சுக்கிடுங்க.

பிறகு தொங்குற சக்கரத்தோட உச்சியில ஒரு கை, அடியில ஒரு கை. கடிகாரத்துல பன்னிரண்டும் ஆறும் இருக்கிற இடம். மேல் கையால தள்ளி கீழ்க் கையால இழுத்தாரு. "கடக்"னு ஆடிச்சு. என் காதுக்கே கேட்டது. ஒன்பதும் மூணும் இருக்கிற இடத்துல பிடிச்சு ஆட்டினாரு, ஆட்டம் இல்லை. பக்கவாட்டுல ஆடினா டை ராடு எண்டு பக்கம் சந்தேகம் போகணும், மேலும் கீழுமா ஆடினா பால் ஜாயிண்டோ வீல் பேரிங்கோன்னு விளக்கினாரு.

இந்த ரெண்டுல எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அங்கதான் ஆசானோட வித்தை. என்னைப் பிரேக்கை மிதிச்சுப் பிடிக்கச் சொன்னாரு. பிரேக் பிடிச்சா சக்கரமும், அதைத் தாங்குற நக்கிளும் ஒண்ணாப் பூட்டிக்கிடும். நடுவுல இருக்கிற பேரிங்கோட ஆட்டம் மறைஞ்சு போகும். மறுபடியும் பன்னிரண்டு, ஆறு. "கடக்." ஆட்டம் அப்படியே இருந்தது. அப்ப பேரிங் இல்லை.

கடைசியா ஒரு கம்பிப்பாரையை எடுத்து, கீழே குறுக்காகக் கிடக்கிற லோயர் ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவுல குடுத்து மெல்ல நெம்பினாரு. "இஞ்ச வாரும், பாரும் ஓய்." குனிஞ்சு பார்த்தேன். நெம்பும்போதெல்லாம் ஆர்ம் ஒரு பக்கமும் நக்கிள் ஒரு பக்கமுமா விலகிச்சு. நடுவுல இருந்த கறுப்பு ரப்பர் குடை சுத்திக் கிழிஞ்சு, அதுல இருந்து கிரீஸுக்குப் பதிலா காப்பிப்பொடி மாதிரி துருப்பொடி உதிர்ந்தது. நல்ல ஜாயிண்டுல கண்ணுக்குத் தெரியிற மாதிரி அசைவே இருக்கக் கூடாதாம்.

பால் ஜாயிண்ட்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்லுறேன். உங்க இடுப்பு எலும்பை நினைச்சுக்கிடுங்க. தொடை எலும்போட தலை உருண்டையா இருக்கும், இடுப்புல அதுக்கு ஒரு குழி இருக்கும். உருண்டை குழிக்குள்ள எல்லாப் பக்கமும் திரும்பும், ஆனா வெளிய வராது. காருக்கும் அதே அமைப்புதான். ஒரு தண்டு, அதன் தலையில இரும்பு உருண்டை. அது உட்கார ஒரு கிண்ணம், நடுவுல வழவழப்பான ஒரு பிளாஸ்டிக் உறை, கொஞ்சம் கிரீஸ். அதுக்கு மேல தண்ணியும் மண்ணும் போகாம ஒரு ரப்பர் குடை. சக்கரம் குழியில ஏறி இறங்கணும், அதே நேரம் இடமும் வலமும் திரும்பணும். ரெண்டையும் ஒரே மூட்டு செய்யணும்னா அது உருண்டையாத்தான் இருக்க முடியும்.

மாருதி 800-ல முன்பக்கம் இருக்கிறது மெக்பர்சன் ஸ்ட்ரட்னு சொல்லுற அமைப்பு. ஏர்ல் மெக்பர்சன்னு ஒரு அமெரிக்க இஞ்சினியர் யோசிச்சது. 1950 வாக்குல இங்கிலாந்துல ஃபோர்டு கார்கள்ல வந்தது. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணா நிக்கும், வண்டியோட பாரத்தை அந்தத் தூண் மேல இருந்து தாங்கும். கீழே இருக்கிற பால் ஜாயிண்ட் எடையைச் சுமக்கிறது குறைவு. ஆனா சக்கரத்தோட அடியைப் பிடிச்சு நிறுத்தி வச்சிருக்கிறது அது ஒண்ணுதான். பிரேக் பிடிக்கிற இழுப்பு, வளைவுல வர்ற தள்ளு எல்லாம் அது மேல. சின்ன கார்கள்ல பாதிக்கு மேல இந்த மாதிரி அமைப்புதான் இருக்கும். மாருதி 800 மட்டுமே 1983 டிசம்பர்ல இருந்து 2014 ஜனவரி வரைக்கும் 25 லட்சத்துக்கு மேல ஓடி வந்திருக்கு. அதனால இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை.

ஆசான் பழைய அம்பாசிடரைப் பத்தி ஒண்ணு சொன்னாரு. அதுல முன்பக்க மூட்டுகள்ல கிரீஸ் நிப்பிள் இருக்கும். மாசா மாசம் கிரீஸ் அடிக்கணும். அடிக்கலைன்னா கிரீச் கிரீச்னு டிரைவர் மானத்தை வாங்கிடும். குளச்சல் டாக்ஸி ஸ்டாண்டுல நாங்க சின்னப் பிள்ளைகளா இருக்கும்போது டிரைவர்கள் லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அடியில படுத்துக் கிடக்கிறதைப் பார்த்திருக்கோம். எங்க தாத்தா காளை வண்டி அச்சுல விளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும் குழைச்ச மை போடுவாரு, அதுவும் இதே வேலைதான். இப்ப வர்ற பால் ஜாயிண்டுக்கு நிப்பிள் கிடையாது. கம்பெனியில ஒரு தடவை கிரீஸ் வச்சு மூடி அனுப்புறதுதான். கிரீஸ் அடிக்கிற வேலை மிச்சம். ஆனா டிரைவர் அடியில குனிஞ்சு பார்க்கிற வழக்கமும் அதோட போச்சு. இப்ப அந்த மூட்டோட ஆயுசு முழுக்க ஒரு ரப்பர் துண்டு கையில இருக்கு. அது கிழிஞ்ச நாள்ல இருந்து நாள் எண்ண வேண்டியதுதான்.

எங்க ஊருல அந்த நாள் சீக்கிரம் வரும். ஏன்னா எங்களுக்கு ரெண்டு மழை. ஜூன்ல தென்மேற்கு, ஐப்பசி கார்த்திகையில வடகிழக்கு. உப்புக் காத்து வருஷம் முழுக்க. ஆனி ஆடியில கடல் சீறினா மணலை அள்ளி ரோட்டுல வீசும். அந்த மணலும் சாதாரண மணல் கிடையாது. மணவாளக்குறிச்சி கருமணலைப் பத்தி நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. 1909-ல ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரர், நம்ம பக்கத்துல இருந்து கப்பல்ல போன கயித்துல ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் இங்க மோனசைட் இருக்குன்னு கண்டுபிடிச்சாரு. அன்னைக்கு காஸ் விளக்கு மேண்டிலுக்கு வேண்டிய தோரியம் அதுல இருந்தது. இப்ப அங்க மத்திய அரசோட அருமணல் ஆலை நடக்குது. அந்த மணல்ல இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான் இதுகளோட கார்னெட்டும் இருக்கு. கார்னெட்டை எதுக்கு வாங்குறாங்க தெரியுமா? உப்புத்தாள் செய்யவும், இரும்புல துருவைச் சீவி எடுக்கவும். அந்த மணல் ஒரு சிட்டிகை கிழிஞ்ச ரப்பர் வழியா உள்ள போனா அந்த உருண்டை என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. ஒவ்வொரு தடவை ஸ்டியரிங்கைத் திருப்பும்போதும் உள்ள உப்புத்தாள் தேய்க்கிற மாதிரிதான்.

இடது பக்கம் முதல்ல போனதுக்கும் காரணம் இருக்கு. நம்ம நாட்டுல இடது பக்கம்தான் ஓட்டுறோம். எதிர்ல பஸ் வந்தா ஒதுங்குறதும் இடது பக்கம். தார் உடைஞ்ச விளிம்புல இறங்கி ஏறுறது எப்பவும் இடது சக்கரம்தான். ஓடைத் தண்ணியும் அந்தப் பக்கம்தான் கிடக்கும்.

"இதை இப்படியே ஓட்டினா என்ன ஆகும் ஆசானே?"ன்னு கேட்டேன்.

அவரு பேசாம ஒரு மூலைக்குப் போய் ஒரு பழைய நக்கிளைத் தூக்கிட்டு வந்து காட்டினாரு. உருண்டை கிண்ணத்துல இருந்து கழண்டு வந்த வண்டியோடதாம். தேய்மானம் கூடக் கூட ஒரு நாள் உருண்டை வெளிய சாடிடும். சாடினா சக்கரத்தோட அடியைப் பிடிக்க ஆளில்லை. சக்கரம் சரிஞ்சு மட்கார்டுக்குள்ள மடங்கும், வண்டியோட அந்த மூலை ரோட்டுல உட்காரும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் பிரயோஜனம் இல்லை. வீட்டு வாசல்ல திருப்பும்போது நடந்தா கூலி செலவோட போகும். வெள்ளிச்சந்தை வளைவுல எதிர்ல டாரஸ் லாரி வரும்போது நடந்தா? அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாதுன்னு பழமொழி சொல்லுவாங்க. தேர் ஓடாம நின்னா பரவாயில்லை. இது ஓடிக்கிட்டு இருக்கும்போதே போகும்.

நான் பின் சீட்டை நினைச்சேன். மறுநாள் டயாலிசிஸ் நாள். அன்னைக்கே வண்டியை அங்க போட்டுட்டு, மறுநாள் அம்மையை ஆட்டோவுல கொண்டு போனேன். போகவர ஆட்டோக்காரர் எழுநூறு வாங்கினாரு. அது எனக்கு வலிக்கல.

அடுத்த கேள்வி, எதை மாத்துறது. இந்த வண்டியில பால் ஜாயிண்டும் லோயர் ஆர்மும் ஒரே சாமானாத்தான் கம்பெனியில இருந்து வருது. ஆனா ஒர்க் ஷாப்புகள்ல ஜாயிண்டை மட்டும் அடிச்சு எடுத்து புதுசை அமுக்கி வைக்கிறதும் நடக்குது. அதுக்குச் செலவு பாதிதான். ஆசான் அதுக்கு ஒத்துக்கல. "அமுக்கின இடம் கொஞ்சம் லூசா இருந்தா ஒரு மாசத்துல வெளிய வரும். உம்ம ஆர்ம்ல உள்பக்கத்து ரப்பர் புஷ்ஷும் வெடிச்சுப் போச்சு. ஆர்மோட மாத்தினா ரெண்டும் புதுசாகும்"னாரு. நியாயம்.

வலது பக்கத்தையும் தூக்கிப் பார்த்தாரு. அங்க ஆட்டம் கிடையாது. ஆனா ரப்பர் குடையில மடிப்பு மடிப்பா வெடிப்பு விழுந்திருந்தது. "இன்னும் ஆறு மாசம் ஓடலாம், ஒரு வருஷமும் ஓடலாம். உம்ம இஷ்டம்"னாரு. நான் கணக்குப் போட்டேன். இப்ப ஒண்ணு, பிறகு ஒண்ணுன்னு மாத்தினா கூலி ரெண்டு தடவை, வீல் அலைன்மெண்ட் ரெண்டு தடவை, அம்மைக்கு ஆட்டோ ரெண்டு தடவை. ரெண்டையும் சேர்த்தே மாத்தச் சொல்லிட்டேன்.

சாமான் வாங்க நாகர்கோவில் போனேன். இங்க ஒரு எச்சரிக்கை. ஸ்டியரிங், சஸ்பென்ஷன், பிரேக் இந்த மூணுலயும் விலை மலிவுன்னு போகாதீங்க. டூப்ளிகேட் சாமான்ல உருண்டை பளபளன்னுதான் இருக்கும், இரும்போட குணம் உள்ள போய்ப் பார்க்க முடியாது. வண்டிக் கம்பெனியோட சாமான் வாங்குங்க. இல்லைன்னா சென்னை ராணே மாதிரி இதே வேலையைப் பல வருஷமா செய்யிற பேர் கேட்டு வாங்குங்க. பில் வாங்குங்க. டப்பாவைத் திறந்து தண்டைக் கையால திருப்பிப் பாருங்க. புது ஜாயிண்ட் இறுக்கமாத் திரும்பணும், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி திரும்பணும். ரப்பர் குடையில கீறல் இருந்தா அங்கேயே திருப்பிக் கொடுத்துடுங்க.

மாத்துற வேலை ரெண்டு பக்கமும் சேர்த்து மூணு மணி நேரம் ஆச்சு. நான் கூட நின்னு ஸ்பேனர் எடுத்துக் குடுத்தேன். முந்தின நாளே எல்லா நட்டுலயும் துரு எண்ணெய் அடிச்சு ஊற விட்டிருந்தாரு. உப்புக் காத்து வீசுற ஊர்ல போல்ட்டைக் கழத்துறதுதான் பாதி வேலை. சக்கர நட்டுகளை வண்டி தரையில நிக்கும்போதே லேசா இளக்கி, பிறகு ஜாக்கி, கட்டை, ஸ்டெப்னி. சக்கரம் வெளிய. முன்னாடி குறுக்கா வர்ற ஸ்டெபிலைசர் பாரோட நுனி ஆர்மைப் பிடிச்சிருக்கும். அதுல ஸ்ப்ளிட் பின்னை நிமிர்த்தி எடுத்து நட்டைக் கழத்தினாரு. அடுத்து நக்கிளோட அடியில ஜாயிண்ட் தண்டைக் கவ்விப் பிடிச்சிருக்கிற போல்ட். இதை இளக்கினா மட்டும் போதாது, முழுசா வெளிய எடுக்கணும். ஏன்னா தண்டுல ஒரு பள்ளம் வெட்டியிருக்கு, போல்ட் அந்தப் பள்ளத்து வழியாத்தான் போகுது. போல்ட் உள்ள இருக்கிற வரைக்கும் நீங்க எந்தச் சுத்தியல் எடுத்து அடிச்சாலும் தண்டு வராது. இது தெரியாத ஆளு கையில நக்கிள் வாய் பிளந்து போயிருக்குன்னு சொன்னாரு.

போல்ட் வந்ததும் நக்கிளோட பக்கத்துல சுத்தியலால ரெண்டு தட்டு, பாரையால ஆர்மைக் கீழே ஒரு அமுக்கு. தண்டு கழண்டு வந்தது. உள்பக்க போல்ட்டையும் எடுத்ததும் பழைய ஆர்ம் கையில. அந்தத் தண்டை நான் ஒரு விரலால ஆட்டினேன். கோயில் மணி நாக்கு மாதிரி ஆடிச்சு.

புதுசு ஏத்தும்போது ரெண்டு விஷயம் கவனிச்சேன். ஒண்ணு, தண்டு நக்கிளுக்குள்ள கடைசி வரைக்கும் ஏறணும். ஏறினாத்தான் பள்ளமும் போல்ட் துளையும் நேராகும், போல்ட் தானா நுழையும். நுழையலைன்னா அடிச்சு ஏத்தக் கூடாது, தண்டுதான் சரியா ஏறலைன்னு அர்த்தம். அந்தப் போல்ட்டையும் ஸ்ப்ளிட் பின்னையும் புதுசாவே போட்டாரு, பழசைத் திருப்பிப் போடல. இன்னொண்ணு, உள்பக்கத்து ரப்பர் புஷ் போல்ட்டைச் சும்மா கையால இறுக்கி விட்டாரு. சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில இறக்கி, ரெண்டு தடவை மேலே கீழே அமுக்கி விட்ட பிறகுதான் முழுசா இறுக்கினாரு. ஏன்னு கேட்டேன். சக்கரம் தொங்கும்போது இறுக்கினா ரப்பர் அந்த நிலையில பிடிச்சுக்கிடுமாம். இறக்கினதும் முறுக்கிக்கிட்டே நிக்கும், சீக்கிரம் கிழியும். நாத்தை எந்தத் திசையில நிக்கணுமோ அந்தத் திசையில வச்சு மண் அணைக்கிற மாதிரி.

பிறகு திங்கள்சந்தைப் பக்கம் வீல் அலைன்மெண்ட் பண்ணினேன். ஆர்ம் மாத்தினா சக்கரத்தோட நேர் கொஞ்சம் மாறியிருக்கும், இதை விட்டுட்டா புது டயரும் அதே மாதிரி உள்பக்கம் தேயும். மொத்தக் கணக்கு: ரெண்டு ஆர்ம் 1,900 ரூபாய், போல்ட் பின் 80, கூலி 700, அலைன்மெண்ட் 300. ஆக 2,980. சட்டைப்பையில இருந்த சீட்டுப்படி போயிருந்தா இதுக்கு ரெண்டு மடங்கு செலவு ஆகியிருக்கும். சத்தமும் போயிருக்காது. அதைவிட மோசம், புது ஷாக் போட்டாச்சு, இனி பயமில்லைன்னு நினைச்சு அந்த ஆடுற மூட்டோட அம்மையை ஏத்திக்கிட்டு ஓட்டியிருப்போம்.

நகரத்துல இருக்கிறவங்களுக்கு நான் சொல்லுறது இவ்வளவுதான். பாரை எடுத்து நீங்க நெம்ப வேண்டாம். அடுத்த தடவை ஆயில் மாத்த வண்டியை லிஃப்டுல தூக்கும்போது, டார்ச்சை வாங்கி முன் சக்கரத்துக்குப் பின்னாடி அந்த ரப்பர் குடையை ஒரு தடவை பாருங்க. முழுசா இருக்கா, வெடிச்சிருக்கா, கிரீஸ் கசியுதா. ரெண்டு நிமிஷம். டயரோட உள் விளிம்பையும் கையால தடவிப் பாருங்க, வெளிய இருந்து பார்த்தா அது தெரியாது. மெதுவா போகும்போது சத்தம் கேட்டா பாட்டை நிறுத்திட்டு எந்தப் பக்கம்னு கேளுங்க. மாத்தணும்னு யாராவது சொன்னா, "எங்க ஆடுதுன்னு காட்டுங்க"ன்னு கேளுங்க. உண்மையான தொழில்காரர் அதுக்குக் கோவிச்சுக்கிட மாட்டாரு, கூப்பிட்டுக் காட்டுவாரு. ஒரு வேளை ஆட்டம் இருக்குன்னு தெரிஞ்சா வண்டியை அங்கேயே விட்டுட்டு ஆட்டோவுல வீட்டுக்குப் போங்க.

அடுத்த டயாலிசிஸ்க்கு அம்மை வண்டியில ஏறி உட்கார்ந்தா. மண்டைக்காடு தாண்டி ரெண்டு வேகத்தடை ஏறி இறங்கின பிறகு சொன்னா: "இதுக்க முட்டு கொள்ளாம் மக்கா. எனக்க முட்டுக்கும் அந்த ஆசான்கிட்ட ஒரு சாமான் கிடைக்குமான்னு கேளு."

பழைய ஆர்ம் ரெண்டும் எங்க வீட்டுத் திண்ணையில கிடக்கு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து ஆட்டிப் பார்த்துட்டுப் போகுதுக. பக்கத்துத் தெருவுல ஆம்னி வச்சிருக்கிற ஒரு தம்பியும் வந்து பார்த்தான். மறுநாள் அவன் வண்டியும் இரணியல் போச்சு.

மழை விட்டிருக்கு. அடுத்த பதிவுல மரச்சீனிக் கம்பு நடவு பத்தி எழுதுறேன்.